முடியாது என்று சொல்ல வராதவர்

ஆறு வருடம் அவரிடம் வேலை பார்த்தேன். அந்த ஆறு வருடத்தில் வாய் திறந்து உட்கார்ந்த ஒருவரிடம்கூட அவர் "முடியாது" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

கொடைக்கானலில் ஏழு ரோடு பக்கம், ஒரு ஸ்வெட்டர் கடைக்கு மேலே அவருடைய பல் கிளினிக் இருந்தது. செங்குத்தான படிகள். ஏறி வருகிற நோயாளிக்கு மூச்சு வாங்கி அடங்கும் வரை டாக்டர் கேள்வி கேட்க மாட்டார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நெட்டையான மனிதர். காலையில் பனிக்குள் நடந்து வந்து கிளினிக் கதவைத் திறந்ததும் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிடும். அதைத் துடைக்காமலே "குட் மார்னிங் சிஸ்டர்" என்று நான் இல்லாத பக்கம் பார்த்துச் சொல்வார். பிறகு ஹீட்டர் முன்னால் நின்று இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். உறை போட்ட கைதான் என்றாலும், கன்னத்தில் படும்போது நோயாளிக்குச் சில்லிடக் கூடாதாம்.

அவருடைய வார்த்தை "பார்க்கலாம்". அதைச் சொல்லும்போது தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணால் சிரிப்பார். கேட்பவர்களுக்கு அது "ஆகும்" என்றுதான் விழும்.

ஒருமுறை நெய்வேலியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு அம்மாவுக்குக் கடைவாய்ப் பல் வலி. கன்னம் வீங்கிப்போய் வந்தார்கள். "ரெண்டு மணிக்கு பஸ்ஸு டாக்டர், அதுக்குள்ள முடியுமா?" என்று கணவர் கேட்டார். மணி அப்போதே ஒன்று. "பார்க்கலாம்" என்றார். முடியவில்லை, பஸ் போய்விட்டது. டாக்டர் வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் அந்தக் குடும்பத்தைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி, வத்தலக்குண்டில் அந்த பஸ்ஸைப் பிடித்து ஏற்றிவிட்டுத் திரும்பினார். சாயங்காலம் வர வேண்டியிருந்த மூன்று பேரை நான் திருப்பி அனுப்பியிருந்தேன். "பாவம் சிஸ்டர், நம்பி வந்தாங்க" என்றார்.

இன்னொரு டிசம்பரில் சர்ச் பாடகர் குழுவில் ஆண் குரல் குறைகிறது என்று ஃபாதர் வந்து கேட்டார். டாக்டருக்குப் பாட வராது. அது ஃபாதரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் சரி என்றுவிட்டார். கிறிஸ்துமஸ் ஆராதனையில் கடைசி வரிசையில் நின்று, சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். எங்கள் பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி, முன்னால் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "எங்க கல்யாணமும் இப்படித்தான். என்னைக் கட்டிக்கச் சொல்லி இவரோட மாமா கேட்டாரு, இவருக்கு முடியாதுன்னு சொல்ல வரல."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

நான் சேர்ந்த மூன்றாம் வருடம் கிளினிக்கில் அலைனர் வைத்தியம் தொடங்கினார். கம்பி கட்டாமல் பல்லை நேராக்க வரும் கண்ணாடி மாதிரியான தட்டு. நோயாளிகள் அதைக் கண்ணாடிக் கிளிப் என்பார்கள். வாயை ஸ்கேன் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினால், அங்கிருந்து வரிசையாக எண் போட்ட தட்டுகள் பெட்டியில் வரும். பத்து நாளுக்கு ஒரு தட்டு. சாப்பிடும்போது மட்டும் கழற்றலாம். மற்றபடி இருபத்திரண்டு மணி நேரம் வாயில் இருக்க வேண்டும். ஒவ்வொரு தட்டும் பல்லை மயிரிழை அளவு தள்ளும்.

முதலில் வந்தது ஒரு பிசிக்ஸ் டீச்சர். கீழ்ப்பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கிற ஆட்கள் மாதிரி இருக்கும். பதினோரு மாதத்தில் வரிசை கட்டி நின்றன. அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுத் திரும்பியபோது டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு பேங்க் அதிகாரிக்கு முன்பல் இடைவெளி மூடியது. அந்த நாட்களில் டாக்டர் கிளினிக்குக்குள் சின்னதாக விசிலடித்துக்கொண்டு நடப்பார்.

அந்தத் தட்டால் எது ஆகாது என்பதும் அவருக்கு நன்றாகவே தெரியும். எனக்கே சொல்லியிருக்கிறார். நோயாளி இல்லாத ஒரு மழை மதியம், மாவுக்கட்டுப் போடும் மாவில் செய்த பல் அச்சு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். "இது பல்லைத்தான் தள்ளும் சிஸ்டர். எலும்பைத் தள்ளாது. வளர்ற வயசு தாண்டிட்டா தாடை தாடைதான், அதுக்கு ஆபரேஷன்தான் வழி. ஈறு கரைஞ்சு ஆடுற பல்லு மேல இதை மாட்டினா, இருக்கிற பிடிப்பும் போயிடும்."

இவ்வளவு தெளிவாக என்னிடம் சொன்னவருக்கு, எதிரே ஒரு முகம் ஆசையோடு வந்து உட்கார்ந்துவிட்டால் நாக்கு எழாது. பணத்துக்காகச் செய்தார் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பணம் வாங்க மறந்த ஆட்களே நிறைய.

எங்கள் ஊர் பூம்பாறையிலிருந்து ஒரு பூண்டு வியாபாரி வந்தார். எனக்குச் சித்தப்பா முறை. அறுபது வயசு. முன்பற்கள் விரிந்து விரிந்து விலகிப்போயிருந்தன. மகன் கல்யாண போட்டோவுக்குள் மூடிவிட வேண்டும் என்றார். எக்ஸ்ரேயை நானும் பார்த்தேன். பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு பாதிக்கு மேல் இல்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், தலையைச் சாய்த்தார்.

"பார்க்கலாம்ங்க."

அன்று பஸ் ஸ்டாண்டில் நான் சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டேன். "சித்தப்பா, உங்க பல்லுக்கு அந்தத் தட்டு ஆகாது. மாட்டினா பல்லே விழுந்துரும். மொதல்ல ஈறுக்கு வைத்தியம் பாருங்க" என்றேன். அவர் திரும்ப வரவில்லை. கடைவீதியில் டாக்டரைப் பார்த்தபோது காரணத்தையும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் ஜன்னல் ஓரம் நின்றிருந்தார். பிறகு சொன்னார்: "அவர் வரும்போது சிரிச்சுக்கிட்டே வந்தாரு சிஸ்டர். போகும்போதும் சிரிச்சாரு. அதை ஏன் பறிச்சீங்க?"

சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் அந்தக் குரலில் கேட்டதும், இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.

ஈஸ்வரி வந்தது அதற்குப் பிறகு.

கிளாவரைப் பெண். கேரளா எல்லையை ஒட்டிய கடைசி ஊர். அப்பாவுக்குக் கேரட், உருளைக்கிழங்குத் தோட்டம். ஈஸ்வரி கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கி, ஒரு ரிசார்ட்டில் ரூம் புக்கிங் போன் எடுக்கிற வேலை பார்த்தாள். இருபத்தாறு வயது. குரல் அவ்வளவு நன்றாக இருக்கும். கீழ்த்தாடை முன்னால் நீண்டு, கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே நிற்கும். முன்பல்லால் எதையும் கடிக்க முடியாது.

"பிஸ்கட்டக்கூட ஒடிச்சுத்தான் உள்ள தள்ளணும்க்கா. கடிச்சுத் தின்னதே இல்ல" என்றாள் என்னிடம்.

ரிசார்ட்டில் ஆள் எதிரே உட்கார்கிற முன்மேசை வேலை காலியாக இருந்தது. பல்லைச் சரி செய்துகொண்டு வா, பார்ப்போம் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ளாமல் ஒரு வாய்ப்பாக எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஸ்கேன் போய், சென்னையிலிருந்து வீடியோ வந்தது. பற்கள் ஒவ்வொரு தட்டுக்கும் எப்படி நகரும் என்று கம்ப்யூட்டரில் ஓடும் படம். அதில் வெறும் பற்கள்தான், முகம் கிடையாது. கீழ்ப்பற்கள் மெல்ல மெல்லப் பின்னால் சாய்ந்தன, மேல்பற்கள் முன்னால் வந்தன. கடைசி நொடியில் மட்டும் கீழ்வரிசை மொத்தமும் ஒரே தாவலில் பின்னால் போய், மேல்வரிசைக்கு உள்ளே பொருந்திக்கொண்டது.

ஈஸ்வரி கூர்மையானவள். "கடைசில என்னமோ தாவுச்சே டாக்டர், அது என்னது?" என்றாள்.

அந்தத் தாவல்தான் ஆபரேஷன். தாடை எலும்பை வெட்டிப் பின்னால் வைத்தால் ஒழிய அது நடக்காது. எனக்கே தெரிந்தது. நான் டாக்டரைப் பார்த்தேன். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் கண் இரண்டும் திரையில் அந்தக் கடைசிப் படத்திலேயே நின்றிருந்தன.

"அது... ரப்பர் போட்டு இழுப்போம்மா. பார்க்கலாம்" என்றார்.

நான் கருவிகளைக் கழுவப் போனேன்.

அவளைப் போல் ஒழுங்காகத் தட்டுப் போட்ட ஆளை நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு மணி நேரம் என்றால் இருபத்திரண்டு. கழற்றுகிற நேரம் கூடிவிடும் என்று ஒரு நாளைக்கு இரண்டு வேளைதான் சாப்பிட்டாள். தட்டோடு தண்ணீர் தவிர எதுவும் குடிக்கக் கூடாது என்பதால் டீயை விட்டாள். ஜனவரிக் குளிரில், போன் பக்கத்தில் வெந்நீர் டம்ளரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள் என்று அவளோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி சொன்னாள். தட்டைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டின சின்னக் குமிழ்கள் உதட்டைக் கிழிக்கும். மேலே கடைவாயிலிருந்து கீழே கோரைப்பல்லுக்கு ரப்பர் மாட்டி, தலைவலியோடே வேலை பார்த்தாள். தட்டு வாயில் இருப்பதால் பேச்சு குழறியது. "என்னம்மா, சளியா?" என்று போனில் கேட்டவர்களிடம், ஆமாம் சார் என்று சொல்லிச் சமாளித்தாள்.

ஒன்பதாம் மாதம் ஒரு நல்ல நாள் வந்தது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் நுனியோடு நுனி தொட்டன. டாக்டர் மேசை டிராயரிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கொடுத்தார். ஈஸ்வரி தட்டைக் கழற்றிவிட்டு, பிஸ்கட்டின் ஓரத்தை முன்பல்லால் கடித்தாள். 'கடக்' என்று ஒடிந்தது. மூன்று பேரும் சத்தமாகச் சிரித்தோம். அடுத்த வாரம் ஊரிலிருந்து ஒரு சாக்குப் பை நிறையக் கேரட் கொண்டுவந்து கொடுத்தாள்.

அதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. பற்கள் மட்டும் சாய்ந்துகொண்டே போயின. தாடை இருந்த இடத்தில் இருந்தது. பல் உள்ளே போனதால் முகவாய் முன்னைவிடத் துருத்தித் தெரிந்தது. பதினைந்து மாதத்தில் பெட்டியிலிருந்த எல்லாத் தட்டும் தீர்ந்தன. கீழே நடுவிலிருந்த இரண்டு பற்களின் ஈறு இறங்கி, வேர் மஞ்சளாக வெளியே தெரிந்தது. விரலால் தொட்டால் அசைந்தன.

டாக்டர் நீண்ட நேரம் பார்த்தார். "இன்னொரு செட் வரவழைச்சுப் பார்க்கலாம்மா" என்றார்.

அன்று நான் கீழே மருந்துக்கடைக்குப் போக இறங்கியபோது ஈஸ்வரி படியில் உட்கார்ந்திருந்தாள். எனக்காகத்தான்.

"அக்கா, பூம்பாறை பூண்டுக்காரருக்கு நீங்கதான் சொன்னீங்களாம்ல? எங்க ஊரு பஸ்ஸுல அவரு எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, கிளினிக் சிஸ்டர்தான் எம் பல்லக் காப்பாத்துச்சுன்னு. எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. இது ஆகுமா ஆகாதா?"

சொல்லியிருக்கலாம். ஆகாது, மூன்றே எழுத்து வார்த்தை. சித்தப்பாவுக்குச் சொன்னபோது ஒன்றும் ஆரம்பித்திருக்கவில்லை; இவளுக்கு எல்லாம் முடிந்திருந்தது. இப்போது ஆகாது என்றால், முன்பே தெரிந்திருந்தும் சொல்லவில்லை என்றாகிவிடும். அந்தக் கணக்குத்தான் என்னைத் தடுத்தது.

"டாக்டர்கிட்டயே வெவரமாக் கேளு ஈஸ்வரி. எனக்கு அவ்வளவு தெரியாது" என்றேன்.

அவள் "சரிக்கா, வேலைய பாருங்க" என்று எழுந்து போனாள்.

மறு வாரம் வெள்ளனே முதல் பஸ் ஏறி மதுரைக்குப் போய், ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் தாடை அறுவைச் சிகிச்சை டாக்டரம்மாவைப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். இது முதலிலிருந்தே ஆபரேஷன் கேஸ். இனி செய்வதென்றால் முதலில் கம்பி கட்டி, தட்டு உள்ளே தள்ளிய பற்களையெல்லாம் பழையபடி வெளியே கொண்டுவர வேண்டும். ஒன்றரை வருடம் ஆகும். ஆடுகிற இரண்டும் அதுவரை நிற்காது.

அந்த அம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு ஈஸ்வரி கிளினிக் வந்த அன்றுதான் புதுத் தட்டுப் பெட்டியும் வந்திருந்தது. டாக்டர் சீட்டைப் படித்தார். முடித்த பிறகும் கண்ணை எடுக்கவில்லை.

"மொத நாளே தெரியுமா டாக்டர்?" என்றாள். கோபமே இல்லை. நேரம் என்ன என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

டாக்டரின் முகம் என்னவோ ஆனது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஆறு வருடத்தில் அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. கடைசியில், "ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சொல்லுவாங்கம்மா. இந்த செட்டையும் ஒரு தடவை..." என்று பெட்டியை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினார். பிறகும் கையை நீட்டியபடியே வைத்திருந்தார்.

ஈஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். பெட்டியை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சரி டாக்டர். போட்டுப் பார்க்குறேன்."

அவருக்காகச் சொன்னாள். அது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவள் படியிறங்கும் சத்தம் ஓயும் வரை டாக்டர் எழுந்து நிற்கவில்லை. பிறகு ஹீட்டர் முன்னால் போய்க் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த நோயாளி வந்து உட்கார்ந்து காத்திருந்தார்.

ஈஸ்வரி அதற்குப் பிறகு கிளினிக் வரவில்லை. முன்மேசை வேலைக்கு வேறொரு பெண் சேர்ந்தாள்.

அந்த வருடம் மே சீசன் முடிந்ததும் கிளினிக்கை நான்கு நாள் மூடுகிறேன், திங்கட்கிழமை திறக்கலாம் என்றார் டாக்டர். திங்கட்கிழமை போனேன், பூட்டியிருந்தது. போன் செய்தேன். "கொஞ்சம் வெளியூர்ல இருக்கேன் சிஸ்டர், அடுத்த திங்கள் பார்க்கலாம்" என்றார். அடுத்த திங்களும் போய், மழையில் படியில் உட்கார்ந்திருந்தேன். ஸ்வெட்டர் கடைக்காரர்தான் பாவப்பட்டுச் சொன்னார்: "ஒனக்கு யாரும் சொல்லலியாம்மா? டாக்டரு கோயமுத்தூருக்கே குடிபோயிட்டாரு. நாற்காலி, மெஷினெல்லாம் வித்தாச்சு. மாடிக்கு டிராவல்ஸ்காரன் வாரான்."

எனக்கு வேலை போய்விட்டது என்று என்னிடம் சொல்ல அவருக்கு வரவில்லை. அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது. வத்தலக்குண்டு வரை கோட்டோடு கார் ஓட்டிக்கொண்டு போன மனிதரும் அவர்தான். இரண்டையும் ஒரே ஆள் மேல் எப்படி வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், கிளாவரை பஸ்ஸில் ஈஸ்வரியைப் பார்த்தேன். முகக்கவசம் போட்டிருந்தாள். கண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது. பக்கத்தில் ஜன்னல் ஓரமாக எட்டு, ஒன்பது வயதுப் பெண் குழந்தை. ஈஸ்வரி நகர்ந்து எனக்கு இடம் விட்டாள். ஆயக்குடி கொய்யாவைச் சின்னச் சின்னதாக நறுக்கி அந்தக் குழந்தைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தானும் ஒரு துண்டு தின்பதற்காகக் கவசத்தை இறக்கினாள். கீழே நடுவில் இரண்டு பற்களும் இல்லை.

"இப்ப என்ன பண்ற ஈஸ்வரி?"

"தோட்டத்துச் சோலிதான்க்கா. ரிசார்ட்ட விட்டுட்டேன்."

"மதுரையில சொன்ன ஆபரேஷன்?"

"மறுபடியும் ஒன்றரை வருஷம் கம்பி போட்டு, பழைய மாதிரி ஆக்கி, அதுக்கப்புறம் வெட்டணும். போதும்க்கா. எனக்கு இனிமே வாயத் தொறந்து காட்டத் தெம்பு இல்ல."

டாக்டரைப் பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வண்டி ஒரு வளைவில் திரும்பியபோது குழந்தை என் பக்கம் முகத்தைத் திருப்பியது. கீழ்த்தாடை முன்னால் வந்திருந்தது. கீழ்ப்பல் மேல்பல்லுக்கு வெளியே.

"எங்கண்ணன் மக" என்றாள் ஈஸ்வரி.

"ஈஸ்வரி, இவளுக்கு இது வளர்ற வயசு. இப்பவே மதுரைக்குக் கூட்டிட்டுப் போ. முகத்துல மாட்டுற மாதிரி ஒரு கருவி இருக்கு, மேல்தாடைய முன்னால இழுக்கும். எல்லாருக்கும் முழுசா சரியாகும்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா இந்த வயசுல செஞ்சா நெறையப் பேருக்கு ஆபரேஷன் இல்லாமலே திருத்திரலாம். ரெண்டு வருஷம் போயிட்டா முடியாது. வெரசா போகணும். நானே கூட வாரேன்" என்றேன். படபடவென்று வந்தது. அந்தப் படியில் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்வது போல் சொன்னேன். எல்லாமே உண்மை.

ஈஸ்வரி நறுக்கின கடைசித் துண்டைக் குழந்தை கையில் கொடுத்தாள்.

"எல்லாரும் மொதல்ல இப்படித்தான்க்கா சொல்றீங்க."

"இல்ல ஈஸ்வரி, இது அந்த மாதிரி இல்ல, நெசமாவே..."

அவள் முகக்கவசத்தை மேலே ஏற்றிக்கொண்டாள். குழந்தையின் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டாள். அவளுடைய கண்ணில் பகை இல்லை. ஒன்றுமே இல்லை.

"பூம்பாறை வந்துருச்சு. எறங்குங்கக்கா" என்றாள்.